முதல் பேட்ச், முதல் தகராறு: சர்வர் மென்பொருள் திட்டங்களுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஓப்பன் சோர்ஸ் சர்வர் மென்பொருளுக்கு பேட்ச் (திருத்தம்) அனுப்பிப் பார்த்துவிட்டுப் பாதியில் விட்டவர்கள் சென்னையில் நிறையப் பேர். அவர்கள் அனுப்பியதைத் திறந்து பார்த்தால் கோடு (நிரல்) பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். ரிவ்யூவில் (திட்டத்தினர் அதைப் பரிசீலிக்கும்போது) இரண்டாவது கேள்வி வந்த இடத்தில் பதில் நின்றிருக்கும், இல்லையென்றால் சூடாகியிருக்கும். சி மொழியையும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியையும் கற்றுத்தர எத்தனையோ வீடியோ உண்டு. இந்த இடத்தைத் தாண்டுவது எப்படி என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

மேலே போகுமுன் ஒரு விஷயம். வெப் சர்வர், டேட்டாபேஸ், மெயில் சர்வர் எல்லாம் ஓட ஆரம்பித்தால் வருடக்கணக்கில் ஓடும். நீங்கள் சேர்த்த 40 வரி, நீங்கள் வேலை மாறி, கல்யாணமாகி, அந்தத் திட்டத்தையே மறந்த பிறகும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். அதில் கோளாறு வந்தால் ராத்திரி கண்விழித்துப் பார்க்கப்போகிறவர் திட்டத்தைப் பராமரிப்பவராக இன்று உங்களிடம் கேள்வி கேட்கும் அந்த மெயின்டெய்னர்தான். பல திட்டங்களில் அவருக்கு அதற்குச் சம்பளமும் கிடையாது. ரிவ்யூவில் வரும் கேள்விகளில் முக்கால்வாசி, "இதை இனிமேல் யார் சுமப்பது?" என்பதன் வேறு வேறு வடிவம்.

முடிவெடுப்பது யார் என்று பாருங்கள்

கோடைத் திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு திட்டத்திலும் ஊர் வழக்கம் வேறு.

அப்பாச்சி வெப் சர்வர் பிறந்ததே பேட்ச்களால். என்சிஎஸ்ஏ என்ற அமெரிக்க ஆய்வு மையத்தின் வெப் சர்வர் வளர்ச்சி நின்றுபோனதும், அதை நம்பியிருந்த வெப்மாஸ்டர்கள் 1995-இல் தங்கள் திருத்தங்களை ஒன்றுசேர்த்தார்கள். அங்கே இன்றும் ஓட்டுதான்: +1 (ஆதரவு), 0 (நடுநிலை), -1 (எதிர்ப்பு). வளர்ச்சிக் கிளையான டிரங்க்கில், சேர்க்கும் உரிமையுள்ள கமிட்டர் முதலில் கோடைச் சேர்ப்பார், மற்றவர்கள் பிறகு பார்ப்பார்கள். மக்கள் பயன்படுத்தும் 2.4 கிளைக்கு நேர்மாறான விதி: 'ஸ்டேட்டஸ்' என்ற கோப்பில் முன்மொழிவு எழுதி, மூன்று +1 விழுந்த பிறகே உள்ளே போகும். ஆகவே உங்கள் திருத்தம் டிரங்க்கில் ஒரே நாளில் ஏறிவிட்டு, 2.4-இல் வாரக்கணக்கில் காத்துக்கிடந்தால் யாரும் உங்களை ஒதுக்குகிறார்கள் என்று அர்த்தமில்லை. மூன்று பேருக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் திட்டத்தில் வேறு முறை. அங்கே கமிட்ஃபெஸ்ட் என்று ஒரு ஏற்பாடு: ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் என வருடத்துக்கு ஐந்து. பட்டியலில் பதிந்த பேட்ச்களை அந்தந்த மாதத்தில் ரிவ்யூ செய்வார்கள். புது வசதி ஒன்றை மார்ச் கடைசியில் கொண்டுபோனால் அந்த வருட ரிலீஸை மறந்துவிடலாம். இன்னொன்று, பேட்ச் அனுப்புகிறவர் அதே அளவு சிக்கலுள்ள வேறொருவர் பேட்ச்சையும் ரிவ்யூ செய்ய வேண்டும் என்பது அங்கே எதிர்பார்ப்பு. இதை நம் ஊர் மொய் நோட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். எழுதாதவரை யாரும் பந்தியிலிருந்து எழுப்பமாட்டார்கள். ஆனால் அடுத்த முறை அவர் வீட்டு விசேஷத்துக்குக் கூட்டம் இருக்காது.

சில திட்டங்களில் ஒரே ஆள்தான். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். அப்படிப்பட்ட இடத்தில் அவர் கடைசியாக ஏற்ற 20 பேட்ச்களையும் நிராகரித்த 10 பேட்ச்களையும் வாசியுங்கள். நிராகரித்தவற்றில்தான் அவருடைய மனசு தெரியும்.

எதில் கை வைப்பது

சோர்ஸ் கோடிலிருந்து மென்பொருளை பில்ட் செய்து (ஓடும் வடிவமாக்கி), எதையும் மாற்றுவதற்கு முன்பே டெஸ்ட் முழுவதையும் ஓட்டுங்கள். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்றால் 'மேக் செக்' கட்டளை. 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண லேப்டாப் போதும். இரண்டு மூன்று முறை ஓட்டி, எந்த டெஸ்ட் ஏற்கெனவே தோற்கிறது, எது ஒருமுறை தேறி ஒருமுறை தோற்கிறது என்று குறித்துவையுங்கள். இதைச் செய்யாதவர்கள் பழைய கோளாறைத் தங்கள் பேட்ச் உண்டாக்கியதாக நினைத்து இரண்டு நாள் தேடுவார்கள்.

முதல் வேலைக்கு நல்லது, யாரோ எப்போதோ பதிந்து யாரும் தொடாமல் கிடக்கும் பக் (பிழை). இன்றைய வெர்ஷனில் அது வருகிறதா என்று பாருங்கள். வந்தால், 'கிட் பைசெக்ட்' வைத்து எந்தக் கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) நுழைந்தது என்று கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு படியிலும் தேடும் பரப்பு பாதியாகிவிடும் என்பதால் 1,000 கமிட் இருந்தாலும் சுமார் 10 படிதான். "இன்ன கமிட்டிலிருந்து வருகிறது, மறுபடி வரவழைக்கும் கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு) இதோ" என்று நாலு வரி எழுதினால், கோடே எழுதாமல் உங்கள் பெயர் அங்கே பதிந்துவிடும்.

செய்யக்கூடாததும் ஒன்று உண்டு. புதியவர்களுக்கென்று ஒதுக்கிய இஷ்யூக்களின் (பிழை, வேலைப் பதிவுகளின்) கீழே "சார், இதை எனக்கு அசைன் பண்ணுங்க" என்று பத்துப் பேர் வரிசையாக எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல திட்டங்களில் அசைன் செய்வது என்ற வழக்கமே இல்லை. செய்து கொண்டுவந்தால் பார்ப்பார்கள். 2020 அக்டோபரில், திட்டங்களுக்குப் பங்களித்தால் டி-ஷர்ட் தரும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின்போது, அந்த டி-ஷர்ட்டுக்காக ரீட்மீ (திட்ட அறிமுகக்) கோப்பில் ஒரு வார்த்தையை மாற்றி அனுப்பியவர்களின் வெள்ளத்தில் மெயின்டெய்னர்கள் மூழ்கிப்போனார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அந்த மாதத்துக்குள்ளேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. புதுக் கணக்கிலிருந்து ஒற்றைவார்த்தை மாற்றம் வந்தால் இன்றும் பலர் முகம் சுளிப்பதற்கு இந்த அனுபவமும் காரணம்.

ஏஐ எழுதித்தந்த கோடா? திட்டத்தின் விதியைப் பாருங்கள். ஜென்டூ லினக்ஸ் திட்டம் 2024 ஏப்ரலிலேயே வேண்டாம் என்று தடைபோட்டுவிட்டது. அனுமதிக்கும் இடத்திலும், ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் நீங்களே பதில் சொல்ல முடிய வேண்டும். ரிவ்யூ கேள்வியை அப்படியே ஏஐயிடம் கொடுத்து, வந்த பதிலை ஒட்டுவது இரண்டாவது சுற்றிலேயே தெரிந்துவிடும்.

ஒரு பேட்ச்சைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்

கற்பனையான ஒரு சர்வர். அதன் கான்ஃபிக்கில் டைம்அவுட்டை (எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதை) நொடிக் கணக்கில் கொடுக்க வேண்டும்: 30 என்று போட்டால் 30 நொடி. ஒருவர் 30 மில்லிநொடி என்று நினைத்து, எண்ணுக்குப் பின்னால் அதற்கான சுருக்கெழுத்தையும் சேர்த்து எழுதுகிறார். எண்ணைப் படிக்கும் ஃபங்ஷன் 3, 0 இரண்டையும் எடுத்துக்கொண்டு, எழுத்து வந்ததும் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறது. சர்வர் அதை 30 நொடி என்றே எடுத்துக்கொள்கிறது. எந்த எச்சரிக்கையும் இல்லை.

புதியவர் ஒருவர் இதைக் கண்டுபிடித்து 12 வரியில் திருத்துகிறார். எண்ணுக்குப் பின் வேறு ஏதாவது இருந்தால் பிழை காட்டிச் சர்வர் தொடங்காமல் நின்றுவிடும். பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாத திருத்தம். ரிவ்யூவில் -1 விழுகிறது: "இது ஏற்கெனவே ஓடும் கான்ஃபிக்குகளை உடைக்கும்."

இங்கேதான் பலருக்கு ரத்தம் கொதிக்கிறது. தப்பான கான்ஃபிக் உடைந்தால் என்ன, உடையட்டுமே? மெயின்டெய்னரின் கண்ணில் தெரிவது வேறு காட்சி. இரவு 2 மணிக்குத் தானாகவே அப்டேட் ஆகும் ஒரு மெஷின். நேற்று வரை ஓடிய சர்வர் புது வெர்ஷன் ஏறியதும் எழுந்திருக்கவில்லை. தப்பு அந்த கான்ஃபிக்கை எழுதியவருடையதுதான். ஆனால் புகார் வருவது திட்டத்துக்கு, அதுவும் ஒன்றிரண்டு அல்ல.

வழி நடுவில் இருக்கிறது. நிலையான கிளையில் லாகில் (சர்வரின் பதிவேட்டில்) எச்சரிக்கை மட்டும்: எந்தக் கோப்பு, எந்த வரி, என்ன மதிப்பாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அடுத்த பெரிய வெர்ஷனில் அதையே பிழையாக்கலாம். கூடவே எழுத்து ஒட்டிய மதிப்புக்கு ஒரு டெஸ்ட், எழுத்து இல்லாததற்கு ஒரு டெஸ்ட், ஆவணத்தில் ஒரு வாக்கியம். 12 வரி இப்போது 60 வரி ஆகியிருக்கும். ஆனால் "யார் சுமப்பது" என்ற கேள்விக்கு அதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது.

-1 வந்தபோது எழுத வேண்டிய பதிலின் சாரம் இது (எழுதப்போவது ஆங்கிலத்தில்தான்): "ஓடும் கான்ஃபிக் உடையும் என்பது சரி, நான் அதை யோசிக்கவில்லை. 'நிலையான கிளையில் எச்சரிக்கை, அடுத்த பெரிய வெர்ஷனில் பிழை' என்று இரண்டாகப் பிரித்தால் உங்களுக்குச் சரியா? ஒத்துக்கொண்டால் இந்த வார இறுதிக்குள் புதிய வடிவம் அனுப்புகிறேன்." ஆட்சேபத்தில் எது சரி, அதற்கு மாற்று என்ன, எப்போது வரும் என்று மூன்றும் இதில் இருக்கின்றன. "ஆனால் ஸ்டாண்டர்ட் இப்படித்தானே சொல்கிறது" என்று தொடங்கும் பதில் அநேகமாக அடுத்த 15 கமெண்ட்டுக்கு அழைத்துப்போகும்.

பதில் எழுதும் முறை

கமிட் செய்தியின் தலைப்பு 50 எழுத்துக்குள், உடல்பகுதி 72 எழுத்துக்கு ஒரு வரி என்பது பரவலான வழக்கம். என்ன மாற்றினீர்கள் என்பது கோடிலேயே தெரியும். ஏன் என்பதை எழுதுங்கள். ஒரு கமிட்டில் ஒரு காரியம். இன்டென்ட் சரிசெய்ததையும் பக் திருத்தியதையும் கலந்து அனுப்பினால், 6 வரித் திருத்தத்தை 300 வரிக்குள் தேட வேண்டியிருக்கும். யாரும் தேடமாட்டார்கள்.

ரிவ்யூவில் ஏழு குறிப்பு வந்தால் ஏழுக்கும் தனித்தனியே பதில் வேண்டும். ஐந்தைச் செய்துவிட்டு இரண்டை விட்டுவிட்டால், நீங்கள் அதைக் கவனிக்கவில்லையா ஏற்கவில்லையா என்று அவருக்குத் தெரியாது. ஏற்காதபோது "சரி" என்று சொல்லிவிட்டு ஓசைப்படாமல் விட்டுவிடுவது நம் பக்கத்துப் பழக்கம். பெரியவர் முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். அங்கே அதற்கு வேறு அர்த்தம்: சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர். ஒப்புதல் இல்லையென்றால் ஒருமுறை, காரணத்தோடு சொல்லிவிடுங்கள். அதன் பிறகும் அவர் தன் நிலையில் நின்றால் அவர் சொன்னபடி செய்யுங்கள், அல்லது பேட்ச்சைத் திரும்பப் பெறுங்கள். எல்லாரையும் பெயர் சொல்லியே அழைக்கலாம். "டியர் சார்" வேண்டாம். நம் அரசு கடிதங்களின் "ஆவன செய்யவும்" தொனியும் வேண்டாம்.

நேரக் கணக்கு தெரிந்தால் பாதிக் கோபம் அடங்கும். சென்னையில் இரவு 9 மணி என்றால் பெர்லினில் குளிர்காலத்தில் மாலை 4:30, கோடையில் 5:30. கலிஃபோர்னியாவில் அப்போதுதான் காலை 7:30 அல்லது 8:30. ஆகவே ஐரோப்பியரோடு பேச இரவு 8 முதல் 10 வரை நல்ல நேரம். ராத்திரி 1 மணிக்குத் தூக்கக்கலக்கத்தில் பதில் அனுப்பாதீர்கள். எழுதி வைத்துவிட்டுக் காலையில் ஒருமுறை படித்து அனுப்புங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்து, ஒரே வரியில் நினைவூட்டலாம். டிசம்பர் 20-லிருந்து ஜனவரி முதல் வாரம் வரை மேற்கே சத்தமே இருக்காது. பொங்கலுக்கு நீங்கள் ஊருக்குப் போவது அவர்களுக்குத் தெரியாது. "20-ஆம் தேதிக்குப் பிறகு பார்க்கிறேன்" என்று முன்கூட்டியே ஒரு வரி போட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

தகராறு முற்றினால்

முதலில் என்ன வகைத் தகராறு என்று பிரித்துப் பாருங்கள். வேரியபிளுக்கு என்ன பெயர், ஸ்பேஸா டேப்பா என்பது ஒன்று. இதில் எல்லாருக்கும் கருத்து இருக்கும், அதனாலேயே முடியாது. 1999-இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில், காத்திருக்கச் சொல்லும் 'ஸ்லீப்' கட்டளை நொடியின் பின்னங்களை ஏற்க வேண்டுமா என்று எழுந்த நீண்ட வாக்குவாதத்தைப் பார்த்துத்தான், அதன் டெவலப்பர் பால்-ஹென்னிங் காம்ப் இந்த வகைச் சண்டைக்கு சைக்கிள் கொட்டகையின் பெயின்ட் நிறம் என்ற உவமையைப் பிரபலமாக்கினார். அணு உலைத் திட்டம் கேள்வியில்லாமல் ஒப்புதல் பெறும், கொட்டகைக்கு என்ன நிறம் என்பதில் ஆளாளுக்குப் பேசுவார்கள் என்பது உவமை. புதியவருக்கு இங்கே ஒரே வேலை: மெயின்டெய்னர் சொன்ன நிறத்தைப் பூசிவிட்டு நகர்வது.

அடுத்தது முட்டுக்கட்டை. கபாலீசுவரர் கோயில் பங்குனித் தேரில் சக்கரத்தின் பக்கத்திலேயே கட்டையோடு நடக்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். தேர் திரும்புவதும் நிற்பதும் அவர் கையில். அப்பாச்சி முறையில் கோடு மாற்றத்துக்கு எதிரான -1 அந்த வேலையைத்தான் செய்கிறது. அதற்குத் தொழில்நுட்பக் காரணம் சொல்லியாக வேண்டும். காரணமில்லாத -1 செல்லாது. காரணம் இருந்தால் அது ஒருவருடைய ஓட்டாக இருந்தாலும் மாற்றம் நிற்கும். எத்தனை +1 குவிந்தாலும் பயனில்லை, அந்த ஒருவரின் காரணத்துக்கு நீங்கள் விடை சொல்ல வேண்டும். ரிலீஸ் ஓட்டில் இந்தத் தடை கிடையாது: குறைந்தது மூன்று +1, எதிர்ப்பைவிட ஆதரவு அதிகம், வழக்கமாக 72 மணி நேர அவகாசம். எனவே நண்பர்களைக் கூட்டிவந்து பேட்ச்சுக்குக் கீழே "நல்ல பேட்ச், சீக்கிரம் மெர்ஜ் பண்ணுங்க" என்று எழுதவைப்பது வீண்.

வீண் மட்டுமல்ல, இப்போது சந்தேகத்துக்கும் இடம் தரும். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற கருவியைச் சம்பளமில்லாமல் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவரை, 2022-இல் முகம் தெரியாத சில கணக்குகள் "ஏன் இவ்வளவு தாமதம், வேறொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று நெருக்கின. உதவிக்கு வந்த புதியவர் பொறுமையாக நம்பிக்கை சம்பாதித்து, 2024-இல் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தார். வேறொரு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் லாகின் சுமார் அரை நொடி தாமதமாவது ஏன் என்று துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் (போஸ்ட்கிரெஸ்க்யூஎல் டெவலப்பர்) மார்ச் 29 அன்று அந்தப் பின்கதவை அம்பலப்படுத்தினார். அதன் பிறகு, அவசரப்படுத்துகிற புதியவரையும் கமிட் உரிமையை வலியக் கேட்கிறவரையும் மெயின்டெய்னர்கள் இரண்டு முறை பார்க்கிறார்கள். தப்பில்லை.

பாதுகாப்பு ஓட்டை கண்டால் பொது இஷ்யூவாகப் போடாதீர்கள். பாதுகாப்புக்கென்று தனி முகவரி இருக்கும். அதற்கு எழுதி, வெளியிடும் தேதியை அவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். 90 நாள் அவகாசம் என்பது பரவலான வழக்கம்.

மூன்றாவது வகை புதியவரால் தீர்க்க முடியாதது: திட்டத்தை வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் தொண்டர்களுக்கும் நடப்பது. என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் சோதனை நிலையிலிருந்த எச்டிடிபி/3 (வெப் தொடர்புக்கான புது நெறிமுறை) பகுதியின் பிழைகளுக்கு சிவிஇ எண் (பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொது அடையாள எண்) கொடுத்து, 2024 பிப்ரவரியில் அதை வைத்திருக்கும் எஃப்5 நிறுவனம் பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டது. சோதனைக் கோடின் பிழையைச் சாதாரண பக் போலத் திருத்தினால் போதும் என்பது நீண்டகால டெவலப்பர் மாக்சிம் டூனினின் வாதம். 2022-இல் நிறுவனத்தின் மாஸ்கோ அலுவலகம் மூடிய பிறகு அவர் தொண்டராகவே வேலை செய்துவந்தார். அவர் விலகி ஃப்ரீஎன்ஜின்எக்ஸ் என்று தனித் திட்டம் தொடங்கினார். சோதனை நிலை என்றாலும் யாராவது நிஜ சர்வரில் ஓட்டிக்கொண்டிருப்பார்களே என்பது மறுபக்க வாதம். இரண்டிலும் நியாயம் உண்டு. இப்படி ஒன்று நடக்கும்போது பக்கம் சேராதீர்கள். உங்கள் பேட்ச் எந்தப் பக்கமும் ஓடுகிற மாதிரி சிறியதாக இருக்கட்டும்.

"ஃபோர்க் பண்ணிடலாம்" (கோடை எடுத்துத் தனித் திட்டமாக நடத்தலாம்) என்று சொல்வது சுலபம். ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸிலிருந்து 2014 டிசம்பரில் ஐஓ.ஜேஎஸ் பிரிந்தபோது, உழைக்கிற டெவலப்பர்களில் முக்கியமானவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். 2015 செப்டம்பரில் நோட் 4.0-வாக இரண்டும் ஒன்றாயின. ரெடிஸ் டேட்டாபேஸ் 2024 மார்ச்சில் லைசென்ஸை மாற்றியதும் சில நாளிலேயே லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வால்கீ என்ற ஃபோர்க் வந்தது. ஏற்கெனவே கோடு எழுதிக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பின்னால் இருந்தார்கள். ஆள், பில்ட் மெஷின், ரிலீஸில் கையெழுத்திடும் கீ, பாதுகாப்புத் திருத்தம் வெளியிட ராத்திரி விழித்திருப்பவர் இவ்வளவும் இருந்தால்தான் ஃபோர்க் நிற்கும். பேட்ச் மறுக்கப்பட்ட கோபத்தில் எடுத்தது மூன்று மாதத்தில் பழசாகிவிடும்.

ஆஃபீஸ் ஒப்பந்தமும் உள்ளூர் துணையும்

ஓஎம்ஆர் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் நியமனக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். வேலை நேரத்துக்கு வெளியே எழுதும் கோடும் கம்பெனிக்கே என்ற வாசகம் சிலவற்றில் இருக்கும். அப்படி இருந்தால் திட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் அனுமதி வாங்குங்கள். மேனேஜர் வாய்வார்த்தையாக "பண்ணிக்கோப்பா" என்றால் போதாது. ஆஃபீஸ் லேப்டாப்பும் ஆஃபீஸ் மெயிலும் வேண்டாம். லினக்ஸ் கெர்னல் வழியில் நடக்கும் திட்டங்களில் கமிட்டின் அடியில் 'சைன்ட்-ஆஃப்-பை' என்ற வரியைப் போடுவீர்கள். அந்த வரி, இந்தக் கோடை இந்த லைசென்ஸில் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி. வேறு சில திட்டங்கள் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கும். பின்னாளில் லைசென்ஸை மாற்றும் உரிமையை அது நிறுவனத்துக்குக் கொடுக்கிறதா என்று மட்டுமாவது பாருங்கள்.

ஐஎல்யூஜிசி (சென்னை லினக்ஸ் பயனர் குழு), சென்னைபை (சென்னை பைத்தான் குழு) போன்ற குழுக்களின் சந்திப்புக்கு லேப்டாப்போடு போங்கள். கோடைவிட, நீங்கள் எழுதி வைத்திருக்கும் பதிலை ஒருவரிடம் காட்டுவதே அங்கே கிடைக்கும் பெரிய உதவி. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது நம்மை அறியாமல் அதட்டலாகவோ கெஞ்சலாகவோ விழும் வாக்கியத்தை, பழம் தின்று கொட்டை போட்ட யாராவது ஒரு நிமிடத்தில் காட்டிவிடுவார்கள்.

மெர்ஜ் ஆனதும் ஓடிவிடாதீர்கள். அடுத்த இரண்டு ரிலீஸ் வரைக்கும் நீங்கள் தொட்ட கோப்பின் பெயரில் வரும் புது இஷ்யூக்களுக்கு அறிவிப்பு வைத்துக்கொள்ளுங்கள். டைம்அவுட் எச்சரிக்கை லாகை நிரப்புகிறது என்று யாராவது எழுதுவார்கள். மெயின்டெய்னர் பார்ப்பதற்கு முன் நீங்கள் போய், அவருடைய கான்ஃபிக்கின் எந்த வரி என்று கேளுங்கள்.